போனில் வந்த பதில்: 70களின் ராக் ரேடியோவும் அதைக் கேட்டவர்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் தொகுக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு டெலிபோனைப் பத்திப் பேசப் போறேன்.

ரேடியோ ஸ்டேஷனில், ஸ்டுடியோவுக்குள்ளே, டிஜேவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் டெலிபோன். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ‘நேயர் விருப்பம்’ போன். 1970களில் ஒரு பாட்டு பிடிச்சிருக்கா பிடிக்கலையா என்று தெரிந்துகொள்ள ஸ்டேஷன்காரர்களுக்கு உடனடியாக இருந்த வழி அது ஒன்றுதான். லைக் கிடையாது, கமென்ட் கிடையாது, எத்தனை பேர் பாதியில் ஸ்கிப் பண்ணினார்கள் என்கிற கணக்கும் கிடையாது. பாட்டைப் போடுவார்கள். போன் அடித்தால் பிடிச்சிருக்கு. அடிக்காவிட்டால் அடுத்த பாட்டு.

அந்த போன் அடித்ததால் ஒரு பேண்டின் தலையெழுத்தே மாறியிருக்கிறது. ‘இது ஓடவே ஓடாது’ என்று கம்பெனிக்காரர்கள் ஒதுக்கி வைத்த பாட்டு நம்பர் ஒன் ஆகியிருக்கிறது. அதே ரேடியோ, அதே மாதிரி நேயர்கள், ஒரு நாள் ஸ்டேடியத்துக்குள் இறங்கி மைதானத்தையே நாசமும் பண்ணியிருக்கிறார்கள். இன்றைக்கு நாலு ஊர், நாலு கதை. கிளீவ்லாந்து, லண்டன், டெட்ராய்ட், சிகாகோ.

முதல்ல ஒரு சின்ன பின்னணி. ராக் பாட்டு எஃப்.எம்.முக்கு எப்படி வந்தது?

1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பாப் பாட்டு என்றால் ஏ.எம். ரேடியோதான். மூணு நிமிஷப் பாட்டு, நடுவில் டிஜே காட்டுக் கத்தல், விளம்பரம், மறுபடியும் மூணு நிமிஷப் பாட்டு. எஃப்.எம்.மில் ஒலித்தரம் பிரமாதம், ஆனால் கேட்க ஆள் இல்லை. ஒரே கம்பெனி ஏ.எம்., எஃப்.எம். இரண்டையும் வைத்திருந்தால், ஏ.எம்.மில் ஓடுவதையே எஃப்.எம்.மிலும் ஓட்டிவிட்டுச் சும்மா இருந்தார்கள். ‘பெரிய ஊர்களில் அப்படிச் செய்யக் கூடாது, எஃப்.எம்.முக்குத் தனி நிகழ்ச்சி வேண்டும்’ என்று அரசாங்கத்தின் தகவல் தொடர்பு ஆணையம் விதி போட்டது. 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. திடீரென்று மணிக்கணக்கில் காலி இடம். அதை நிரப்பக் காசும் கிடையாது. அப்போ என்ன பண்றது? இளைஞர்களைக் கூப்பிட்டு, ‘உனக்குப் பிடிச்சதைப் போடு’ என்று விட்டுவிட்டார்கள்.

அதே 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். ஸ்டேஷனில் டாம் டொனாஹியூ என்கிற டிஜே ஆல்பம் பாட்டுகளைப் போட ஆரம்பித்தார். ஏழு நிமிஷம், பத்து நிமிஷம், எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. டிஜே சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் மாதிரி பேசினார். அந்த மாடல் ஊர் ஊராகப் பரவியது. 70களின் ராக் ரேடியோ வளர்ந்தது இந்த வழியில்தான்.

கிளீவ்லாந்து, 1974

ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து ஒரு தொழிற்சாலை நகரம். இரும்பு, எஃகு, கார் உதிரி பாகங்கள். அங்கே டபிள்யூ.எம்.எம்.எஸ். என்று ஒரு ராக் ஸ்டேஷன். அதன் மியூசிக் டைரக்டர் டோனா ஹால்பர். மியூசிக் டைரக்டர் என்றால் இசையமைப்பாளர் இல்லை. வருகிற ரெக்கார்டுகளை எல்லாம் கேட்டு, எதைப் போடலாம், எதைத் தூக்கி ஓரமாக வைக்கலாம் என்று தீர்மானிக்கிற ஆள். அந்தக் காலத்தில் ராக் ரேடியோவில் அந்த வேலையைப் பார்த்த பெண்கள் ரொம்பக் குறைவு. 1968இல், தான் படித்த நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரேடியோவில் முதல் பெண் டிஜே அவர்தான்.

1974இல் அவருக்குக் கனடாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அங்கே ஒரு ரெக்கார்ட் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர் அனுப்பியது. உள்ளே டொரொன்டோ பையன்கள் மூணு பேரின் ஆல்பம். பேண்டின் பெயர் ரஷ். கனடாவில் எந்தக் கம்பெனியும் அவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் சொந்தமாக ஒரு லேபிள் ஆரம்பித்து, சொந்தக் காசில் ரெக்கார்ட் போட்டிருந்தார்கள்.

ஹால்பர் தேடியது நீளமான பாட்டு. காரணம் கேட்டால் சிரிப்பீங்க. டிஜே தனியாக உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்துகிறார். அவருக்குப் பாத்ரூம் போகணும். மூணு நிமிஷப் பாட்டைப் போட்டுவிட்டு ஓடினால் திரும்பி வருவதற்குள் பாட்டு முடிந்து ரேடியோ ஊமையாகிவிடும். அதனால் நீளப் பாட்டு எப்பவும் ஸ்டாக்கில் இருக்கணும். ரஷ் ஆல்பத்தில் நீளமான பாட்டு கடைசியில் இருந்த ‘வொர்க்கிங் மேன்’. ஏழு நிமிஷம். தினமும் வேலைக்குப் போய்த் திரும்பி, ‘நம்ம வாழ்க்கை இவ்வளவுதானா’ என்று நினைக்கும் ஒருத்தனைப் பற்றிய பாட்டு. ஊசியை வைத்துக் கேட்ட உடனே, இது கிளீவ்லாந்துக்கான பாட்டு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து காரில் ஏறி ரேடியோவைத் திருப்புகிற ஆட்கள் நிறைந்த ஊர் அது.

பாட்டு ஒலிபரப்பானது. போன் அடிக்க ஆரம்பித்தது. நிறைய பேர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ‘லெட் செப்பலினோட புது ஆல்பம் எப்போ வந்தது?’ பாடகர் கெடி லீயின் உச்சஸ்தாயிக் குரலைக் கேட்டு ராபர்ட் பிளான்ட் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, இது கனடா பேண்ட், பெயர் ரஷ் என்று சொன்னதும் அடுத்த கேள்வி, ‘எங்கே கிடைக்கும்?’ அமெரிக்கக் கடையில் கிடையாது. கனடாவிலிருந்துதான் வரவழைக்கணும். வரவழைத்தார்கள். விற்றது.

இந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இடம் மெர்க்குரி ரெக்கார்ட்ஸ். அந்த வருஷமே மெர்க்குரி ரஷ்ஷோடு ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. புறப்படுவதற்குச் சில நாள் முன்னால்தான் டிரம்மர் மாறி, நீல் பியர்ட் என்கிற புதுப் பையன் வந்து சேர்ந்திருந்தார். டிரம்ஸ் வாசிக்கிற ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்க, எழுந்து நிற்பார்கள்.

இங்கே நான் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். கிளீவ்லாந்து நேயர்கள் யாரும் ‘ஒரு பேண்டை வாழவைக்கலாம்’ என்று போன் பண்ணவில்லை. ‘இது யாரு பாட்டு?’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு எடை இருந்தது. கனடாவின் கம்பெனிகள் வேண்டாம் என்று சொன்னதை, வேறொரு நாட்டுத் தொழிற்சாலை நகரத்தின் நேயர்கள் மாற்றி எழுதினார்கள்.

லண்டன், 1975

இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியும். ஆனால் இதில் நேயர்களின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

குயீன் பேண்ட் ‘பொஹீமியன் ராப்சடி’யை முடித்துவிட்டு சிங்கிளாக வெளியிடணும் என்று நிற்கிறது. நீளம் 5 நிமிஷம் 55 வினாடி. நடுவில் ஆப்பரா. கோரஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஈ.எம்.ஐ. கம்பெனியில், ‘இவ்வளவு நீளப் பாட்டை எந்த ரேடியோவும் போடாது, வெட்டுங்க’ என்றார்கள். பேண்ட் மறுத்தது.

அப்போது லண்டனில் கேப்பிட்டல் ரேடியோ வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் கென்னி எவரெட் என்று ஒரு டிஜே. குறும்பு பிடிச்ச ஆள். 1970இல் மைக்கில் அடித்த ஒரு ஜோக்குக்காக பிபிசி அவரை வேலையை விட்டே அனுப்பியிருந்தது. ஃபிரெடி மெர்க்குரிக்கு நண்பர். அவர் கைக்கு இந்தப் பாட்டின் டேப் போய்ச் சேர்ந்தது. ‘நீங்க மட்டும் கேட்கத்தான், ஒலிபரப்பக் கூடாது’ என்கிற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை எவரெட்டிடம் சொன்னால் அர்த்தமே தலைகீழ் என்று சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் துண்டு துண்டாகப் போட்டார். கை தவறிப் பட்டன் அழுந்திவிட்ட மாதிரி ஒரு பாவனை. நேயர்கள் போன் பண்ணி முழுசாகப் போடச் சொன்னார்கள். போட்டார். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் போட்டார். இரண்டு நாளில் 14 தடவை. திங்கட்கிழமை காலையில் ரெக்கார்ட் கடைகளில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ‘அந்தப் பாட்டு வேணும்.’ கடைக்காரர்களிடம் பாட்டு இல்லை. அது இன்னும் வெளியாகவே இல்லையே! இல்லாத ஒரு பொருளுக்கு வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது, எந்தக் கம்பெனி அதிகாரி ‘நீளம் அதிகம்’ என்று வாதாட முடியும்?

1975 அக்டோபர் 31 அன்று பாட்டு வெட்டப்படாமல் முழுசாக வெளியானது. பிரிட்டனில் 9 வாரம் முதலிடம். 1991 நவம்பரில் ஃபிரெடி இறந்த பிறகு மறுபடியும் வெளியாகி, மறுபடியும் 5 வாரம் முதலிடம்.

கிளீவ்லாந்தில் நேயர்கள் கேட்டது, ‘யார் இது?’ லண்டனில் அவர்கள் சொன்னது, ‘எங்களால ஆறு நிமிஷம் கேட்க முடியும், நீங்களா ஒரு முடிவுக்கு வராதீங்க.’ இரண்டு இடத்திலும் கம்பெனி நினைத்ததைவிட நேயர்கள் பெரிய மனசோடு இருந்தார்கள். இந்தப் பகுதி கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இனிமேல் கொஞ்சம் சிக்கலாகும்.

டெட்ராய்ட், 1974

ஒரு வருஷம் பின்னால் போவோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவின் வின்ட்சர். அங்கே சி.கே.எல்.டபிள்யூ. என்று ஒரு ஏ.எம். ஸ்டேஷன். 50,000 வாட் சக்தி. இராத்திரியில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் கேட்கும். அதன் மியூசிக் டைரக்டர் ரோசலி டிராம்ப்ளி. அவர் அந்த ஸ்டேஷனில் முதலில் சேர்ந்தது எந்த வேலைக்குத் தெரியுமா? 1963இல், ரிசப்ஷனில் உட்கார்ந்து ஸ்விட்ச்போர்டு பார்க்கும் வேலைக்கு. அதாவது, போன் எடுக்கிற வேலை. நேயர்கள் யார், எந்தப் பாட்டைக் கேட்கிறார்கள் என்பது அவருக்குக் காதோடு வந்து சேர்ந்த விஷயம். அப்புறம் இசைத்தட்டு நூலகம், அப்புறம் மியூசிக் டைரக்டர். பெரிய பாடகர்கள்கூட அவருடைய தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். பாப் சீகர் ‘ரோசலி’ என்று அவரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார்.

எல்டன் ஜானின் ‘குட்பை யெல்லோ பிரிக் ரோட்’ ஆல்பம் 1973இல் வந்தது. அதிலிருந்து அடுத்த சிங்கிளாக ‘கேண்டில் இன் த விண்ட்’ வரணும் என்பது எல்டனின் விருப்பம். ஆனால் டிராம்ப்ளிக்கு வேறொரு கணக்கு தெரிந்தது. அதே ஆல்பத்தில் உள்ள ‘பென்னி அண்ட் த ஜெட்ஸ்’ பாட்டை டெட்ராய்ட்டின் கறுப்பின மக்களுக்கான ஸ்டேஷனான டபிள்யூ.ஜே.எல்.பி. போட்டுக்கொண்டிருந்தது. அதன் நேயர்கள் அதை மறுபடி மறுபடி கேட்டார்கள். ஒரு இங்கிலாந்து வெள்ளைக்காரரின் ராக் பாட்டு, கறுப்பினக் குடும்பங்களின் ரேடியோவில் ஹிட். எல்டன் ஜானுக்கே தெரியாமல்!

டிராம்ப்ளி தன் ஸ்டேஷனிலும் போட்டார். போன் அடித்தது. ‘இதைத்தான் சிங்கிளாக விடணும்’ என்று எல்டன் தரப்புக்குச் செய்தி போனது. எல்டனுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் அது நம்பர் ஒன். ஆர் அண்ட் பி பட்டியலிலும் இடம் பிடித்தது. அடுத்த வருஷம் கறுப்பின இசைக்கான டிவி நிகழ்ச்சியான ‘சோல் ட்ரெய்ன்’ மேடையில் உட்கார்ந்து எல்டன் பியானோ வாசித்தார். அதில் வந்த வெள்ளையினக் கலைஞர்கள் அன்றைக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. ‘பென்னி’ ஸ்டுடியோவில் பதிவான பாட்டு. அதில் கேட்கும் கைதட்டலும் கூச்சலும் தயாரிப்பாளர் கஸ் டட்ஜன் பிறகு ஒட்டியவை. நிஜ ரசிகர்கள் அந்தப் பாட்டுக்குப் பின்னால்தான் வந்தார்கள், அதுவும் பாடகரே எதிர்பார்க்காத தெருவிலிருந்து.

இந்தக் கதை ஏன் முக்கியம்? டெட்ராய்ட் நேயர்கள் கையில் ‘இது வெள்ளைக்காரங்க பாட்டு, இது கறுப்பங்க பாட்டு’ என்கிற லிஸ்ட் கிடையாது. லிஸ்ட் வைத்திருந்தது ஸ்டேஷன்கள். நேயரின் காது அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, அதைக் கவனிக்க ஸ்விட்ச்போர்டிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார்.

ஆனால் எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இல்லை.

நடுவில் என்ன நடந்தது

70களின் பின்பாதியில் எஃப்.எம். ராக் பெரிய பிசினஸ் ஆகிவிட்டது. விளம்பரக் காசு வந்ததும் ‘உனக்குப் பிடிச்சதைப் போடு’ என்கிற சுதந்திரம் போய்விட்டது. லீ ஏப்ரம்ஸ் மாதிரி ஆலோசகர்கள் வந்தார்கள். நேயர்களிடம் சர்வே எடுத்து, எந்த வயசு ஆளுக்கு எந்தப் பாட்டு, எந்தப் பாட்டு வந்தால் ஸ்டேஷனை மாற்றுகிறான் என்று கணக்குப் போட்டார்கள். பல ஊர்களில் பல ஸ்டேஷன்கள் கிட்டத்தட்ட ஒரே பட்டியலைப் போட ஆரம்பித்தன.

சர்வே எடுப்பது தப்பா? இல்லை. ஆனால் யாரிடம் எடுத்தார்கள் என்று பாருங்க. விளம்பரக்காரர்கள் விரும்பியது இளம் ஆண்களை, நடைமுறையில் பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்களை. அவர்கள் சொன்னதற்கு ஏற்ப லிஸ்ட் தயாரானது. அந்த லிஸ்ட்டைக் கேட்டு வளர்ந்த பசங்களிடம் மறுபடியும் சர்வே. ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் கொஞ்சம் சுருங்கியது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மாதிரி ஓரிருவரைத் தவிர கறுப்பினக் கலைஞர்கள் ராக் எஃப்.எம்.மிலிருந்து கிட்டத்தட்டக் காணாமல் போனார்கள். ராக் இசையையே கறுப்பின மக்களின் ப்ளூஸிலிருந்து எடுத்தவர்கள் நடத்திய ரேடியோவில்! பெண் பாடகிகளுக்கும் இடம் ரொம்பக் குறைவு.

போன் அப்போதும் இருந்தது. ஆனால் ‘இது யாரு பாட்டு?’ என்று கேட்கத்தான் தேவையே இல்லாமல் போய்விட்டது. வருவதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த பாட்டு.

சிகாகோ, 1979

ஸ்டீவ் டால் 24 வயசு டிஜே. சிகாகோவில் டபிள்யூ.டி.ஏ.ஐ. ராக் ஸ்டேஷனில் காலை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். 1978 கடைசியில் அந்த ஸ்டேஷன் ஒரே இரவில் டிஸ்கோ ஸ்டேஷனாக மாறியது. டாலுக்கு வேலை போனது. அப்போது டிஸ்கோ அலை உச்சத்தில் இருந்தது. ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் வந்து ஒரு வருஷம். ராக் பாடகர்களே டிஸ்கோ பீட்டில் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

டால் இன்னொரு ராக் ஸ்டேஷனில் சேர்ந்தார். டபிள்யூ.எல்.யூ.பி., செல்லமாக ‘த லூப்’, 97.9 எஃப்.எம். வேலை போன கோபத்தை நிகழ்ச்சியாக மாற்றினார். டிஸ்கோ பாட்டைப் போடுவது, நடுவில் ஊசியை இழுத்து நிறுத்துவது, வெடிச் சத்தம் ஒன்று போடுவது. நேயர்கள் போன் பண்ணி, எந்தப் பாட்டை ‘வெடிக்கணும்’ என்று சொன்னார்கள். நேயர் விருப்பம் தலைகீழாகிவிட்டது, கவனிச்சீங்களா? அதே போன், அதே ஆர்வம். ஒரு பாட்டைக் கேட்கச் சொல்லி வந்த போன், இப்போது ஒரு பாட்டை அழிக்கச் சொல்லி வருகிறது.

1979 ஜூலை 12. கோமிஸ்கி பார்க் ஸ்டேடியம். சிகாகோ வைட் சாக்ஸும் டெட்ராய்ட் டைகர்ஸும் ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு பேஸ்பால் ஆட்டம். கூட்டம் சேர்க்க ஒரு ஐடியா. வேண்டாத டிஸ்கோ ரெக்கார்ட் ஒன்றைக் கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட் மட்டும். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் அந்த ரெக்கார்டுகளை எல்லாம் மைதானத்தில் வைத்து டால் வெடிப்பார்.

சுமார் 20,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். உள்ளே மட்டும் ஏறக்குறைய 50,000 பேர். வெளியே இன்னும் ஆயிரக்கணக்கில். வாசலில் ரெக்கார்ட் வாங்கும் பெட்டி நிறைந்துவிட்டதால் மிச்சப் பேர் ரெக்கார்டோடே உள்ளே போனார்கள். முதல் ஆட்டத்திலேயே இசைத்தட்டுகள் சுழன்று சுழன்று மைதானத்துக்குள் பறந்தன. ஆட்டம் முடிந்ததும் டால் ராணுவ ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டி வெடித்தது. மைதானத்தில் பள்ளம். அடுத்த நிமிஷம் ஆயிரக்கணக்கானவர்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். புல்லைப் பிடுங்கினார்கள், நெருப்பு வைத்தார்கள், பேஸ்களைத் திருடிக்கொண்டு போனார்கள். போலீஸ் வந்து 39 பேரைக் கைது செய்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. சிகாகோ ஆடாமலே தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

டால் அன்றிலிருந்து இன்றுவரை சொல்வது, அது ஒரு ஜாலி, அதில் இனவெறியும் இல்லை, தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீது வெறுப்பும் இல்லை, ராக் ரசிகப் பசங்களின் எரிச்சல் மட்டும்தான் என்று. வந்தவர்களில் பலருக்கு அது உண்மையாகவே இருந்திருக்கும். ஊரே பகட்டான கிளப் பக்கம் திரும்பும்போது, டி ஷர்ட்டும் ஜீன்ஸுமாக இருக்கும் தன்னை யாரும் மதிக்கலை என்று ஒரு பதினெட்டு வயசுப் பையனுக்குத் தோன்றுவது பொய்யில்லை.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்த்த ஒருவர் இருக்கிறார். வின்ஸ் லாரன்ஸ். அன்றைக்கு அந்த ஸ்டேடியத்தில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்த பதின்வயதுக் கறுப்பினப் பையன். சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். பிற்காலப் பேட்டிகளில் அவர் சொன்ன விஷயம் இது. ஜனங்கள் கொண்டுவந்து போட்டதில் நிறைய டிஸ்கோவே இல்லை. மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகள். டிஸ்கோ என்றால் என்ன என்று வாசலில் யாரும் செக் பண்ணவில்லை. கொண்டு வந்தவர்களுக்கு வித்தியாசமும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. ‘நம்ம ஸ்டேஷனில் வராத பாட்டு’ என்பதே போதுமானதாக இருந்தது.

டிஸ்கோ பிறந்தது கறுப்பின மக்களும் லத்தீனோ மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் கூடிய கிளப்களில். அவர்களுக்கு அந்த இரவு எப்படிக் கேட்டிருக்கும்? டால் என்ன நினைத்தார் என்பது ஒரு கேள்வி. அந்த வெடிச் சத்தம் யார் வீட்டில் எப்படிக் கேட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி ‘நான் அப்படி நினைக்கலையே’ என்று முடித்துவிட முடியாது.

அதன் பிறகு

டிஸ்கோ அன்றைக்கே செத்துவிட்டதா? இல்லை. அடுத்த மாதம், ஆகஸ்டில், ஷீக் பேண்டின் ‘குட் டைம்ஸ்’ அமெரிக்காவில் நம்பர் ஒன். அதன் பேஸ் மெட்டின் மேல்தான் அதே வருஷம் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்து ராப் இசையை ரேடியோவுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் ஸ்டேஷன்கள் டிஸ்கோவைக் கைகழுவ ஆரம்பித்துவிட்டன. கம்பெனிகள் அந்தச் சொல்லையே தவிர்த்தன. 1981இல் எம்டிவி தொடங்கியபோது அந்த ராக் எஃப்.எம். லிஸ்ட்டையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. 1983இல் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ வரும்வரை கறுப்பினக் கலைஞர்களுக்கு அங்கேயும் கதவு பாதிதான் திறந்திருந்தது.

சிகாகோவில் என்ன ஆச்சு? ரேடியோ கைவிட்டதை கிளப் எடுத்துக்கொண்டது. வேர்ஹவுஸ் என்கிற கிளப்பில் ஃபிரான்கி நக்கிள்ஸ் என்கிற டிஜே டிஸ்கோ ரெக்கார்டுகளை நீட்டி, வெட்டி, கலந்து புதுசாக ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த கிளப்பின் பெயரிலிருந்துதான் ‘ஹவுஸ்’ இசை என்கிற பெயரே வந்தது. 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸின் ‘ஆன் அண்ட் ஆன்’ வெளியானது. முதல் ஹவுஸ் ரெக்கார்ட் என்று பலரும் சொல்வது அதைத்தான். அதைச் சேர்ந்து எழுதியவர் யார்? வின்ஸ் லாரன்ஸ். ஸ்டேடியத்தில் இருக்கை காட்டிக்கொண்டிருந்த அதே பையன். சிந்தசைசர் வாங்கிவிட்டார்.

கடைசியா ஒண்ணு சொல்றேன்

இந்த நாலு ஊரிலும் நேயர்களுக்கு சக்தி இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. நான் இந்தக் கதைகளைப் படிக்கும்போது கவனித்தது, அந்த சக்தி எப்போது நல்லது செய்தது என்பதைத்தான். கிளீவ்லாந்திலும் லண்டனிலும் டெட்ராய்ட்டிலும் நேயர்கள் தங்களுக்கு முன்பு தெரியாத ஒன்றைக் கேட்டார்கள். டோனா ஹால்பர், எவரெட், டிராம்ப்ளி என்று யாரோ ஒருத்தர் அதை அவர்கள் காதில் போட்டார். அவர்கள் ஆச்சரியப்பட்டு போன் எடுத்தார்கள். சிகாகோவில் யாருக்கும் எந்த ஆச்சரியமும் இல்லை. தெரிந்த பாட்டு, தெரிந்த கூட்டம், தெரிந்த எதிரி. பழைய மாதிரியே உற்சாகமாக போன் பண்ணினார்கள். அந்த உற்சாகத்துக்குப் போக வேறு இடமில்லை.

இப்போ நம்ம போன் நம்ம கையிலேயே இருக்கு. அல்காரிதம் செய்வதும் அந்த ஆலோசகர்கள் செய்த வேலைதான், இன்னும் துல்லியமாக. நீங்க முன்னாடி கேட்டதை வைத்து அடுத்ததைத் தரும். வட்டம் சுருங்குவது உங்களுக்கே தெரியாது. அதே போனில்தான் ‘இதெல்லாம் ஒரு பாட்டா, இதைக் கேட்கிறவன் எல்லாம் ஒரு ஆளா’ என்று எழுதும் இடமும் இருக்கிறது. கானாவோ, ராப்போ, கே பாப்போ, பக்கத்து வீட்டுப் பையன் ஸ்பீக்கரில் அலறவிடும் ஏதோ ஒன்றோ. பிடிக்கலைன்னு சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. பாட்டு பிடிக்கலையா, அதைக் கேட்கிற ஆளையே பிடிக்கலையா என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பார்த்துக்கலாம்.

ஒரு சின்ன வேலை தர்றேன். இந்த வாரம் மூணு பாட்டு கேளுங்க, இதே வரிசையில். ரஷ்ஷின் ‘வொர்க்கிங் மேன்’, எல்டன் ஜானின் ‘பென்னி அண்ட் த ஜெட்ஸ்’, ஜெஸ்ஸி சாண்டர்ஸின் ‘ஆன் அண்ட் ஆன்’. மூணும் ஒருத்தருக்கே பிடிக்கும் வாய்ப்பு கம்மி. எது பிடிச்சது, எதை எந்த நிமிஷத்தில் நிறுத்தினீங்க என்று எழுதி அனுப்புங்க. நிறுத்தியதையும் ஒளிக்காமல் சொல்லுங்க. வருகிற பதில்களை வைத்து அடுத்த எபிசோடில் பேசலாம்.